தானாக மூடிக்கொள்வது

ஒன்றுக்கு நன்றாக முட்ட வேண்டும், முட்டினால்தான் உள்ளே கூப்பிடுவார்கள், இன்னும் கொஞ்சம் குடியுங்கள் என்று மேசையில் இருந்த பெண் சொல்லிவிட்டாள். கோகிலவாணி ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை ஏற்கெனவே முடித்திருந்தாள். அடிவயிற்றில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துவிட்டது. காலை மாற்றிப் போட்டால் வலித்தது, போடாவிட்டாலும் வலித்தது. பக்கத்து நாற்காலியில் அவள் மாமியார் கண்ணம்மாள் மடியில் ஒயர்க் கூடையை வைத்துக்கொண்டு, சுவரில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது. அத்தை அதைப் படித்து முடித்து, எதுவா இருந்தா என்ன, ஒண்ணு இருந்தாப் போதும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டது கோகிலவாணியின் காதில் விழுந்தது. கரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த ஸ்கேன் சென்டர். சுற்றிலும் பெண்கள், எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். சிலருக்கு வயிறு தெரிந்தது. வந்த உடனேயே அந்த மேசைப் பெண் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆயிடுச்சில்லக்கா என்று கேட்டாள். கழுத்தில் தாலி தொங்கும்போது இதென்ன கேள்வி என்று கோகிலவாணி நினைப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு, நாலு வருஷமாச்சு கண்ணு என்றாள். அப்படியென்றால் வயிற்றின் மேலே பார்த்து முடித்ததும் ஒன்றுக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள், உள் ஸ்கேனும் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த சீட்டை எடுத்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வி எதற்கு என்று கோகிலவாணிக்கு விளங்கியது. கல்யாணம் ஆனவளுக்கு உள்ளே விட்டுப் பார்க்கலாம். ஆகாதவளுக்கு மாட்டார்கள். தான் எந்த வரிசையில் சேர்த்தி என்று அவளுக்கே தெரியவில்லை.

உள் ஸ்கேன். அந்தச் சொல்லில் போய் மனம் மாட்டிக்கொண்டது, முந்தானை ஆணியில் மாட்டுவதுபோல. எடுத்துவிட்டு வேறெங்காவது போனாலும் திரும்பி அங்கேயே வந்து நின்றது. நேற்றுக் கழிப்பறையில் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்திருந்தாள். ஒரு குச்சி. அதற்கு உறை மாட்டி, பசை தடவி விடுவார்களாம். விரல் தடிமன்தான், பயப்பட வேண்டாம் என்று போட்டிருந்தது. ஆறுதலாகத்தான் சொல்லியிருந்தார்கள். விரலே போனதில்லை. அவள் விரலே போனதில்லை. கல்யாணமான முதல் ராத்திரி வெங்கமேட்டு வீட்டில் புதுப் பாயின் வாசனைக்கு நடுவில் அது ஒரு சுவர்போல நின்றது. ரகுபதி பதறிப்போய் விலகிக்கொண்டான். பரவாயில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றான். நாளைக்கும் சுவர். ஏற்காட்டில் நான்கு நாள் தங்கினார்கள், நான்கு நாளும் சுவர். அவன் கிட்டே வர வர அவள் தொடைகள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. ஒட்டாதே என்று அவள் தன் காலிடம் கெஞ்சினாள். மீறி முயன்றால் கிழித்துத் தீ வைத்ததுபோல் எரிந்தது. அம்மா சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான், மொதல்ல கொஞ்சம் வலிக்கும், பல்லைக் கடிச்சுக்க. கடித்தாள். பல்லைக் கடித்தால் உடம்பு முழுக்கச் சேர்ந்து கடித்துக்கொள்ளும் என்று அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கல்யாணத்துக்கு முந்தின வாரம் கையில் மருதாணி வைத்துக்கொண்டே பெரியப்பா மகள் சொன்ன கதை வேறு, யாரோ ஒருத்திக்கு முதல் ராத்திரியே ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்களாம். மருதாணி காய்ந்து உதிர்ந்துவிட்டது, அந்தத் தையல் உதிரவில்லை. ஒருவேளை வழி இல்லாமலே பிறந்துவிட்டேனோ? ஆனால் மாதாமாதம் வருகிறதே. வருகிறதென்றால் வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வெளியே விடத் தெரிந்த வழிக்கு உள்ளே விடத் தெரியவில்லை. ஒன்றுக்குப் போகிற வழி வேறு, இது வேறு என்பதே கல்யாணமாகி ஆறு மாதம் கழித்துப் போனில் ஒரு படத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தபோது டீச்சர், இதை நீங்களே வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் தள்ளிவிட்டார். வீட்டில் யாரும் படிக்கவில்லை. படத்தில் இருந்ததைத் தன்னிடம் வைத்துப் பார்க்கலாம் என்று குளியலறையில் கைக்கண்ணாடியை எடுத்தவள், பாதியில் வெட்கம் வந்து அதை ஜன்னலில் வைத்துவிட்டாள். இருபத்தொன்பது வயதில் தன் உடம்பில் தானே பார்க்காத ஒரு இடம். அதற்குச் சொல்வதற்கு வாயில் ஒரு சொல்கூட இல்லை. அங்க, அடியில, கீழ. அவ்வளவுதான்.

ஆசை இல்லாமலா? அதை எப்படி யாரிடம் சொல்வது? பஸ் பாடி கட்டும் பட்டறையில் ரகுபதி பெயின்டர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவன் மேல் தின்னர் வாசனை மெலிதாக இருக்கும். நகக்கண்ணில் ஒரு நாள் நீலம், ஒரு நாள் சிவப்பு. அந்த வாசனை கிட்டே வந்தாலே அவளுக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஓடும். முதல் வருஷத்தில் சுவரைச் சுற்றிச் சுற்றி அவர்கள் எவ்வளவோ கண்டுபிடித்தார்கள். கழுத்துக்குக் கீழே ஓர் இடத்தில் அவன் மூச்சுப் பட்டால் அவளுக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வரும். உடம்பு இளகி, ஈரமாகி, தனக்கு இப்படியெல்லாம் ஆகுமா என்று ஆச்சரியப்பட்டுக் கிடந்த சாயங்காலங்கள் உண்டு. எல்லாம் சரியாக வந்துகொண்டிருக்கும். அவன் அந்தப் பக்கம் நகர்வான், அவ்வளவுதான், ஷட்டரை இழுத்து விட்டதுபோல் ஆகிவிடும். அவன் ஒருநாளும் அதட்டியதில்லை. அதட்டியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். சரி விடு, தூங்கு என்பான். அந்தக் குரலில் ஒரு குறையும் இருக்காது, அதுதான் தாங்காது. ஒருநாள் முகட்டைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பிடிக்கலையா வாணி என்று கேட்டான். பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் பிடித்திருந்தால் ஏன் இப்படி என்று அடுத்த கேள்வி வருமே, அதற்குப் பதில் இல்லையே என்று அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் திரும்பிப் படுத்தான். அதற்குப் பிறகு அவன் கை அவள் மேல் படவில்லை. வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. காபி டம்ளரைக்கூட அவள் கையில் வாங்காமல், மேசையில் வைத்த பிறகு எடுத்துக்கொள்கிறான். தொட்டால் பயந்துவிடுவாள் என்று நினைக்கிறானா, தொடவே பிடிக்கவில்லையா? ஒரே கட்டிலில் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் விட்டு இரண்டு பேரும் ஓரத்தில் படுக்கிறார்கள். தூக்கத்தில் புரண்டு அவன் முழங்கை பட்டுவிட்டால் அவன் தூக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறான். எடுத்த பிறகும் அந்த இடம் அவளுக்குச் சூடாக இருக்கும்.

குடிச்சியா கண்ணு என்றாள் அத்தை. குடித்தாள். நல்ல மனுஷி, அதுதான் கஷ்டம். குத்திக்காட்டிப் பேசுகிற மாமியாராக இருந்தால் மனசுக்குள் ஒரு எதிரியாவது இருந்திருப்பாள். குழந்தை உண்டாகப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் அத்தைதான் கூட்டிப்போனாள். அங்கே கூட்டமோ கூட்டம். டாக்டரம்மா படுக்க வைத்துப் பார்க்கவில்லை, படுக்கச் சொல்லியிருந்தாலும் கோகிலவாணி தீட்டு என்று சொல்லித் தப்பித்திருப்பாள். மாத்திரை எழுதிக் கொடுத்து, இந்த இந்த நாளில் சேர்ந்து இருங்கள் என்றார். அந்த நாள்களில் சாயங்காலமானால் அத்தை பக்கத்து வீட்டுக்கு டிவி பார்க்கப் போய்விடுவாள். போகும்போது வாசல் கதவை வேண்டுமென்றே சத்தமாகச் சாத்துவாள். அறைக்குள் ரகுபதி சத்தத்தை அணைத்துவிட்டுப் போனில் கபடி பார்ப்பான். கோகிலவாணி மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். பக்கத்து வீட்டு நாடகம் முடிகிற பாட்டுக் கேட்டதும் அவன் எழுந்து போய் அந்த நேரத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பான். அம்மா திரும்பி வரும்போது குளிக்கிற சத்தம் கேட்க வேண்டும், அதற்காக. ஒருமுறை ஜனவரிக் குளிரில் அவன் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்து நின்றபோது இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. அவள் துண்டை நீட்டினாள், அவன் கொடியில் கிடந்த வேறொன்றை எடுத்துக்கொண்டான். மாத்திரைக்குக் கட்டுப்பட்டு முட்டை வளர்ந்திருக்கும். நாள் பார்த்து வெடித்திருக்கும். யாரும் வராத கல்யாண மண்டபத்தில் இலை போட்டுக் காத்திருந்ததுபோல இருந்துவிட்டுக் கரைந்து போயிருக்கும். மாதாமாதம் அது வந்ததும் அத்தை முகம் வாடும். சரி, அடுத்த மாசம் பார்க்கலாம் என்று அவளே தேற்றுவாள். வேலை செய்கிற இடத்திலும் அதேதான். படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் அவள் செக்கிங். வெள்ளை விரிப்பை டியூப் லைட்டுக்குக் கீழே இழுத்துப் பிடித்து, கறை இருக்கிறதா, நூல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கோ யாரோ படுத்துப் புரளப்போகிற விரிப்பு. பக்கத்தில் நிற்கிறவள் என்னக்கா விசேஷம் ஏதாவது உண்டா என்பாள். கடவுள் எப்பக் கொடுக்கிறாரோ என்று இவள் சொல்வாள். சொல்லிச் சொல்லி அது பொய் என்பதே மறந்துவிட்டது. இப்போது குச்சியை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டர் வருவார். ஒரு நொடியில் தெரிந்துவிடும். என்னம்மா இது என்று சத்தமாகக் கேட்பார். கதவுக்கு வெளியே அத்தை இருப்பாள். கூடையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். எழுந்து ஓடிவிடலாமா? படியிறங்கினால் பேருந்து நிலையம். முட்டிக்கொண்டு நிற்கிற இந்த வயிற்றோடு எங்கே ஓடுவது?

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஏசி குளிர்ந்தது. டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும், மெஹராஜ் பேகம் என்று கோட்டில் எழுதியிருந்தது. வயிற்றில் பசையைத் தடவி அழுத்தி அழுத்திப் பார்த்தார். கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது, முட்டைப்பையும் நன்றாக இருக்கிறது, போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்து படுங்கள் என்றார். அறையை ஒட்டியே கழிப்பறை. உட்கார்ந்ததும் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சுகமாக இருந்தது. ஆனால் முடிந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. நர்ஸ் கதவைத் தட்டினாள். வந்து படுத்தாள். முழங்காலை மடக்கச் சொன்னார்கள், மடக்கினாள். நர்ஸ் முழங்காலை லேசாகத் தொட்டதுதான் தெரியும், இரண்டு காலும் அறைந்ததுபோல் சேர்ந்துகொள்ள, அவள் உடம்பு மேலே மேலே நகர்ந்து தலை சுவரில் போய் முட்டியது. நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு, ஒரு போர்வையை எடுத்துக் கோகிலவாணியின் இடுப்பு வரை போர்த்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தார். கையில் இருந்த குச்சியை அதன் இடத்தில் மாட்டிவிட்டார். அது போன பிறகுதான் கோகிலவாணிக்கு மூச்சு வந்தது.

"வீட்டுக்காரரோட இருக்கும்போதும் இப்படித்தான் ஆகுதா?"

முகட்டில் ஏசியின் தண்ணீர்க் கறை ஒரு வட்டமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"நடந்ததே இல்லீங்க டாக்டர். நாலு வருஷமா ஒருநாள்கூட."

சொன்ன பிறகு காது அடைத்ததுபோல் இருந்தது. டாக்டர் ஐயோ என்று சொல்லவில்லை. திடீரென்று தன் விரலை அவள் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார். அவள் சட்டென்று கண்ணை மூடினாள்.

"இப்பக் கண்ணை மூடுன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா? தானா மூடிக்கிச்சில்ல. அதே மாதிரி அங்கயும் சுத்திலும் தசை இருக்கும்மா. வலிக்கும்னு ஒருதரம் பயந்துட்டா அது முன்கூட்டியே மூடிக்கும். உங்களைக் கேக்காது. நீங்க வேணும்னு பண்றதில்ல."

பிறகு அவர் நிதானமாகச் சொன்னதெல்லாம் பாதிதான் அவள் மனதில் ஏறியது. இதற்குப் பெயர் இருக்கிறது, யோனி இறுக்கம் என்பார்கள், நிறையப் பேருக்கு இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருவதால் அடைப்பு இருக்காது என்றுதான் நினைக்கிறேன், இன்றைக்குத் தொட்டுப் பார்க்கப்போவதில்லை. இதற்கென்று பழக்குகிற டாக்டர் திருச்சியில் இருக்கிறார். முதலில் மூச்சு, தசையை இறுக்கவும் விடவும் பழகுவது, பிறகு உங்கள் விரலே, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாம் உங்கள் கையில், நீங்கள் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டுக்காரரும் கூட வர வேண்டும். மாத்திரை எழுதிய டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். வெளியே இருக்கிற அம்மாவிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டார். கர்ப்பப்பை நல்லாயிருக்குன்னு மட்டும் சொல்லுங்க என்றாள். அது உண்மைதான் என்று டாக்டர் லேசாகச் சிரித்தார். கோகிலவாணிக்கு அழுகை வரவேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. வந்தது கோபம். பெயர் இருக்கிறதாமே. பெயர் வைக்கிற அளவுக்கு நிறையப் பேருக்கு இருக்கிறதாமே. அப்படியென்றால் அவர்களெல்லாம் எங்கே? வெளியே பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களில் யாராவதா? கூட விரிப்பு பிடிக்கிறாளே, விசேஷம் உண்டா என்று கேட்கிறாளே, அவளா? ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, நமக்கு மட்டும்தான் என்று எத்தனை பேர்? சேலையைச் சரிசெய்யும்போது கொசுவம் இரண்டு முறை கழன்றது.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கேட்டதும் அத்தைக்கு வாயெல்லாம் பல். தண்ணியாக் குடிச்சு வயிறு எரியும், இளநீர் வெட்டச் சொல்றேன் என்று கூடையோடு படியிறங்கினாள். கோகிலவாணி மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டாள். போனை எடுத்தாள். பகலில் ரகுபதியைக் கூப்பிட்டுப் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று நினைவில்லை. எடுத்தவுடன் தகரம் அடிக்கிற சத்தம்தான் கேட்டது. என்னாச்சு, அம்மாவுக்கா என்று அவன் கத்தினான். எனக்குத்தான், கொஞ்சம் தள்ளி வாங்க என்றாள். சத்தம் மெல்ல மெல்லத் தூரமானது. அவன் நடக்கிற மூச்சுக் கேட்டது. எங்கே ஆரம்பிப்பது? டாக்டர் சொன்ன பெயர் நாக்கில் வரவில்லை. அவள் வேறு எதையோ சொன்னாள்.

"எனக்கு உங்களைப் பிடிக்கும்ங்க. அன்னிக்குக் கேட்டீங்களே."

அவள் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்ற பயத்தில். கண்ணை மூடிக்கொண்டதை, தசையை, திருச்சி டாக்டரை, மாதக்கணக்கில் ஆகும் என்பதை, இரண்டு பேரும் போக வேண்டும் என்பதை. நடந்ததே இல்லை என்று இன்றைக்குச் சொல்லிவிட்டேன் என்பதையும். யாரோ ஒரு பெண் கையில் எக்ஸ்ரே உறையோடு படியேறினாள். கோகிலவாணி சுவரோடு ஒட்டி வழிவிட்டாள், ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை. அவள் சொல்லி முடித்ததும் ரகுபதி சொன்னான்.

"வாணி, நான் ஈரோட்டுல ஒருத்தர்கிட்ட லேகியம் வாங்கிச் சாப்பிடறேன். ரொம்ப நாளா. என்கிட்டதான் பலம் இல்ல, அதான் உனக்கு வலிக்குதுன்னு அவரு சொன்னாரு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடத்தை விட்டுவிட்டு, கட்டிலின் அந்த ஓரத்தில் இவன் இத்தனை நாளாக இதை நினைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறான். இவள் தன்னைக் குறை என்று எண்ணிக்கொண்டு கிடந்த அதே ராத்திரிகளில் அவனும் தன்னைக் குறை என்று எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறான். கை படாமல் எடுத்துக்கொண்டது அதனால்தானா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று சண்டை போடத் தோன்றியது. இவள் மட்டும் என்ன வார்த்தை சொன்னாள்? இனிமே அதைச் சாப்பிடாதீங்க என்றாள். சரி என்றான். பிறகு, இன்னைக்கு வலிச்சுதா என்று கேட்டான். இல்லை, அவங்க தொடவே இல்லை என்றாள். ம் என்றான்.

"இளநீர் வெட்டியாச்சு கண்ணு, வா" என்று கீழேயிருந்து அத்தை கூப்பிட்டாள்.

"இருங்கத்தை, அவருகிட்டப் பேசிட்டிருக்கேன்."

பேசிக்கொண்டிருக்கவில்லை. தூரத்தில் தகரம் அடிக்கிற சத்தம் கேட்டது, அவன் மூச்சு கிட்டத்தில் கேட்டது. அவன் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.